அது கிடக்கட்டும்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 56 வயது. கும்பகோணத்தில் இருக்கிறேன். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, இரண்டு வருடத்துக்கு முன் விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன். காரணம் அம்மா. 81 வயது. அப்பா போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். என் கேள்வி சின்னதுதான். ஆனால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, கோர்வையாக வரவில்லை. மன்னிக்கவும்.

போன தீபாவளிக்கு என் மகள் சென்னையிலிருந்து வந்தபோது ஒரு நோட்டு வாங்கி வந்தாள். தினமும் படுக்கப் போகும் முன் அன்றைக்கு நன்றி சொல்லத் தோன்றிய மூன்று விஷயங்களை அதில் எழுத வேண்டுமாம், மனசு லேசாகுமாம். பதினோரு நாள் எழுதினேன். முதல் நாள் ‘காலைக் காபி, மழை, அம்மா என்னோடு இருக்கிறாள்’ என்று எழுதினேன். மறுநாளும் அதேதான், மழைக்குப் பதில் வெயில். நான்காம் நாளிலிருந்து மூன்றாவது வரி வரும்போது கை நின்றுவிடும். பொய் எழுதுகிற மாதிரி இருந்தது. நோட்டை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வசனம்தான் பேசுகிறார்கள். “கொடுத்து வச்சவ நீ. பெத்தவளைப் பாத்துக்கற பாக்கியம் எல்லாருக்கும் கெடைக்குமா?” சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். டம்ளர் கழுவுவது நான்.

என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலையில் அம்மா எழுந்ததும் நான் கேட்பேன்: இன்னைக்கு என்ன கிழமை, என்ன தேதி, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே? மூளைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் மறதி வராது என்று படித்திருக்கிறேன். தப்பாகச் சொன்னால் திருத்துவேன். அதற்கு அவளுக்குக் கோபம் வருகிறது. “நீ என்ன இன்ஸ்பெக்டரா?” என்கிறாள். அவள் நன்மைக்குத்தானே செய்கிறேன்?

அதன் பிறகு “இன்னைக்கு வெள்ளிக்கிழமையா?” ஆரம்பிக்கும். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், மதியத்துக்குள் இருபத்திரண்டு தடவை. காபி குடித்த அரை மணியில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் “காலையிலேர்ந்து ஒரு வாய் காபி குடுக்கல” என்று சொல்கிறாள். அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே. வளையலைக் காணோம் என்பாள். நான் எடுத்துவிட்டேன் என்பாள். இரண்டு மணி நேரம் தேடினால் அரிசி டிரம்மில் இருக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் “வீட்டுக்குப் போகலாம் வா” என்று வாசலில் போய் நிற்பாள். இதுதாம்மா நம்ம வீடு என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை போய்விட்டது.

டொராண்டோவில் தம்பி இருக்கிறான். ஞாயிறு சாயங்காலம் 7 மணிக்கு வீடியோவில் வருவான். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்து “சாப்பிட்டியாப்பா, அங்க குளிரா, பேரப்பிள்ளைங்க படிக்கிறாங்களா” என்று ஒரு பிசகும் இல்லாமல் பதினைந்து நிமிஷம் பேசுவாள். அவன் போனை வைத்த பிறகு ராத்திரி முழுக்க என்னைப் படுத்துவாள். இரண்டு வருடமாக நான் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவன் அனுப்பிய ஸ்வெட்டரைப் பற்றித் தெருவெல்லாம் பேச்சு. கும்பகோணத்தில் ஸ்வெட்டர் எதற்கு?

வாரம் மூன்று நாள் காலை 9 முதல் 1 மணி வரை ஒரு பெண் துணைக்கு வருகிறாள். நல்ல பெண்தான், ஆனால் அம்மா எது சொன்னாலும் “ஆமாம் பாட்டி” என்பாள். கீரையை அம்மா கையில் கொடுத்துவிடுவாள். பாதி இலை குப்பைக்குப் போகும், காம்பு பாத்திரத்தில் விழும். கேட்டால் “போனாப் போகுது டீச்சர்” என்கிறாள். அவள் இருக்கிற நாலு மணி நேரம் மட்டும் அம்மா சிரிக்கிறாள்.

போன மாதம் ஒரு நாள் அந்தப் பெண் வரவில்லை. நானே முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உருவ ஆரம்பித்தாள். நடுவில் என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டாள். அம்மாவுக்கு ஆறு வயதிலேயே தாய் இறந்துவிட்டதால் பெரியம்மாதான் அவளை வளர்த்தது. பெரியம்மா 2009-லேயே போய்விட்டாள். தூக்கக் கலக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். எப்போதும் திருத்துகிறவள், அன்றைக்கு ஏனோ திருத்தத் தோன்றவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. அரசலாற்றில் புதுத் தண்ணீர் வந்த அன்று ஓடிப்போய்க் குளித்து அடி வாங்கியது, குதிருக்குப் பின்னால் புளியை ஒளித்து வைத்துத் தின்றது என்று என்னென்னவோ சொன்னாள். எதுவும் நான் இதற்கு முன் கேட்டதில்லை. கடைசியில் “நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்க்கா” என்றாள். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். பொய் சொல்லி ஏமாற்றியது போல் இருந்தது. அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது தம்பியைப் பற்றி.

அவனிடம் ஒரு தடவை அம்மாவுக்கு மறதி அதிகமாகிறது என்று சொல்லிப் பார்த்தேன். “நல்லாத்தானேக்கா பேசுறாங்க, நீ டென்ஷன் ஆகாதே” என்றான். டாக்டரிடம் போக வேண்டிய அளவுக்கு ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன், வயசானால் வருவதுதானே. சர்க்கரைக்குப் பதினைந்து வருடமாக மெட்ஃபார்மின், பிரஷர் மாத்திரை, ராத்திரி ஒரு சளி மாத்திரை. சளி இருக்கிறதோ இல்லையோ, அதைப் போட்டால் நன்றாகத் தூங்குகிறாள். வேளை தவறாமல் கொடுக்கிறேன். இரண்டு வருடத்தில் ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை, ஒரு நாள் சாப்பாடு தவறியதில்லை. எல்லாவற்றுக்கும் என்னிடம் கணக்கு இருக்கிறது. யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

என் கேள்வி இதுதான். எனக்கு ஏன் நன்றி என்கிற உணர்ச்சியே வரமாட்டேன் என்கிறது? பெற்ற தாயிடம்கூட நன்றி இல்லாதவளா நான்? அந்த நோட்டை மறுபடி எடுத்து எழுத ஆரம்பிக்கவா?

பெயர் வேண்டாம், கும்பகோணம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டு பீரோவிலேயே இருக்கட்டும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் தம்பிக்கு நிறைய இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கும் வளையலுக்கும் ஸ்வெட்டருக்கும் இடம் இருக்கிறது. ‘அக்கா’ ஒரே ஒரு பத்தியில் வந்து, “அது கிடக்கட்டும்” என்ற வார்த்தையோடு ஓரமாகத் தள்ளப்படுகிறது. எனக்கு அதைக் கிடக்க விட மனமில்லை. தூக்கக் கலக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். காலை வேளையில், உட்கார்ந்து கீரை உருவிக்கொண்டு, ஒரு மணி நேரம் கதை சொல்கிறவருக்கு என்ன தூக்கக் கலக்கம்? அது உங்களுக்கே தெரியும். தெரிந்ததால்தான் கொல்லைப் பக்கம் போனீர்கள். இன்று ‘அக்கா’ என்றவர் நாளைக்கு ‘நீ யாரு?’ என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம் அது. மற்ற குறைகளையெல்லாம் அந்தப் பயத்தின் மேல் போட்டு மூடி வைத்திருக்கிறீர்கள்.

கணக்கை யாரிடம் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், கடிதத்தின் நிஜக் கேள்வி அதுதான். ‘எனக்கு ஏன் நன்றி வரவில்லை’ என்று எழுதிவிட்டீர்கள். உங்களுக்கு வேண்டியிருப்பது உங்களிடம் சொல்லப்படுகிற ஒரு நன்றி. வாய்விட்டுக் கேட்க வெட்கம், பெற்றவளிடம் போய் கூலி கேட்பதா என்ற கூச்சம். தம்பி சொன்னால் போதாது. பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள், அது காதில் ஏறவில்லை. சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். அவரோ பேரேட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தொலைத்துக்கொண்டிருக்கிறார். அவர் முழுதாக மறந்துவிட்டால், இரண்டு வருட இட்லிக்கும் மாத்திரைக்கும் சாட்சியே இல்லாமல் போகும். இந்த ஆதங்கத்தில் தவறு ஒன்றும் இல்லை. சாட்சி இல்லாமல் உழைப்பது யாருக்கும் கஷ்டம்தான்.

ஆனால் அந்த நன்றி வந்துவிட்டதே! “நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்க்கா.” இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? கவரின் மேல் வேறு பெயர் இருந்ததால், வந்த தபாலை வாங்காமல் எழுந்து போய்விட்டீர்கள்.

ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. இந்த வகை மறதியில் நினைவு ஒரே சீராகக் கரைவதில்லை. புதிதாக நடப்பதைப் பதிந்து வைக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி பெரும்பாலும் முதலில் அடிபடுகிறது. அதனால் எட்டு மணிக் காபி எட்டரைக்கு இல்லை. எழுபது வருடத்துக்கு முன் தின்ற புளி அப்படியே இருக்கிறது. கை பழகிய வேலையும் ராகமும் பாட்டும் அதைவிட நாள் தாங்கும். இப்போது அம்மாவின் இடத்தில் இருந்து பாருங்கள். மனசுக்குள் ஓடுகிற வருடம் 1955 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடத்தில் நீங்கள் பிறக்கவே இல்லை. எதிரே நரைத்த தலையோடு ஒரு பெண். தன்னைவிடப் பெரியவள் மாதிரி இருக்கிறாள், வேளைக்குச் சோறு போடுகிறாள், கண்டிக்கிறாள், விட்டுப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இவள் யாராக இருக்க முடியும்? தாயில்லாத ஒரு சிறுமிக்கு இந்தக் குறிப்புகள் எல்லாம் பொருந்துகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான். விடை தவறு, வழிமுறை சரி. விடை தப்பானாலும் ஸ்டெப்புக்கு மார்க் போடாத கணக்கு டீச்சர் உண்டா?

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. தினமும் காலையில் நடத்துகிற வாய்மொழித் தேர்வை நாளையோடு நிறுத்துங்கள். அம்மா “நீ என்ன இன்ஸ்பெக்டரா?” என்று கேட்டது சரியான கேள்வி. கிழமையும் தேதியும் கேட்டால் மறதி தள்ளிப்போகும் என்பதெல்லாம் இந்த நிலையில் செல்லாது. உடைந்த காலோடு இருப்பவரை ஓடச் சொல்லி, ஓடாததற்குத் திருத்துகிற காரியம் அது. கேள்வி மறந்துவிடும், தோற்றுப்போன உணர்வு மறக்காது. காரணம் தெரியாத ஒரு எரிச்சலாக மதியம் வரை அது கூடவே இருக்கும். அந்த இருபத்திரண்டு வெள்ளிக்கிழமைகளில் சில, காலைத் தேர்வில் பிறந்தவை என்றுதான் நினைக்கிறேன். தேர்வு அவருக்காக நடப்பதாக நீங்கள் நம்புகிறீர்கள். எனக்கென்னவோ அது உங்களுக்காக நடப்பதாகத் தோன்றுகிறது. ‘இன்றைக்கும் சரியாகச் சொல்லிவிட்டாள், இன்னும் இருக்கிறாள்’ என்று தெரிந்துகொள்ள.

அந்தத் துணைப் பெண்ணிடம் நீங்கள் கண்ட குறை எல்லாமே அவளுடைய கெட்டிக்காரத்தனம். அவள் கீரையை அம்மா கையில் கொடுப்பது குழம்புக்காக இல்லை. பாதி இலை குப்பைக்குப் போகிறது என்றால் இரண்டு கட்டாக வாங்குங்கள். உங்கள் வீட்டு ஒரு மணி நேரச் சிரிப்பின் விலை ஒரு கட்டுக் கீரை.

அன்று நடந்தது தற்செயல் மாதிரி தெரிகிறது, ஆனால் அதற்கு வேண்டியதெல்லாம் தானாக அமைந்துவிட்டது. காலை நேரம், வயிறு நிறைந்திருக்கிறது, கைக்குப் பழகிய வேலை, எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. இதையே வேண்டுமென்றே அமைக்கலாம். பலகாரம் ஆகி அரை மணி கழித்து, 9.30-லிருந்து 11-க்குள். டிவி அணைந்திருக்க வேண்டும். வயதான காதுக்கு இரண்டு சத்தத்தைப் பிரித்துக் கேட்பது பெரும்பாடு. கீரை இல்லாத நாளில் அவரை, கொத்தவரை, மொச்சை உரிப்பது, பூ கட்டுவது, துவைத்த துணி மடிப்பது. ஒரு வேலையை முழுதாகத் தராமல் பாதி செய்து கையில் கொடுங்கள், தொடர்வது ஆரம்பிப்பதைவிட எளிது. “ஞாபகம் இருக்கா?” என்ற சொல்லை விட்டுவிடுங்கள், அதுவும் ஒரு தேர்வுதான். “அரசலாத்துல புதுத் தண்ணி வந்தா...” என்று பாதி வாக்கியத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். பத்து பதினைந்து விநாடி ஒன்றும் வராது. அந்த இடைவெளியில்தான் பெரும்பாலானவர்கள் பொறுமை இழந்து அடுத்த கேள்வியைப் போட்டுக் காரியத்தைக் கெடுக்கிறார்கள். இருபது நிமிஷம் போதும். சில நாள் ஒன்றுமே வராது, கீரை மட்டும் மிஞ்சும். அதுவும் சரிதான்.

ஏமாற்றியது போல் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நான்தான் உன் அக்கா என்று நீங்கள் சொல்லவில்லை. அவர் அழைத்த பெயரை மறுக்கவில்லை, அவ்வளவுதான். நேருக்கு நேராக “நீ யாரு?” என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்காதவரை, அவர் நிற்கிற வருடத்திலிருந்து அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டாம். பெரியம்மா செத்துப்போய்ப் பல வருஷம் ஆச்சு என்று திருத்தியிருந்தால், அன்றைக்குத்தான் அக்கா செத்த சேதி அவருக்கு வந்திருக்கும். மறுபடி மறந்து, மறுபடி கேட்டு, மறுபடி அழ வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலும் அந்தக் கேள்வி நாளைப் பற்றியதாக இருக்காது. விளக்கு, கோயில், தலைக்குக் குளியல் இதில் ஏதோ ஒன்று தவறிப்போகுமோ என்ற கவலையாக இருக்கும். காலையில் தேர்வுக்குப் பதில், தினசரி காலண்டர் தாளை அவர் கையாலேயே கிழிக்க வையுங்கள். கிழிந்த தாள் போகட்டும், புதுத் தாள் அவர் உட்காருகிற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். கேட்டால், “வெள்ளிக்கிழமை வந்தா நாம விளக்கேத்தாம விடுவோமா?” என்று கவலைக்குப் பதில் சொல்லுங்கள். காபியை அரை டம்ளராக்கி இரண்டு முறை கொடுங்கள். குடித்த டவராவை உடனே கழுவாமல் ஒரு மணி நேரம் எதிரிலேயே விடுங்கள், பக்கத்து வீட்டுக்கு அதுதான் சாட்சி. வளையலுக்கு: நான் எடுக்கவில்லை என்று வாதாடாதீர்கள், “வா தேடலாம்” என்று கூடவே கிளம்புங்கள். ஒளிக்கிற இடம் மூன்று நாலுக்கு மேல் இருக்காது, ஒரு மாதத்தில் உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். தங்கம் லாக்கருக்குப் போகட்டும், கைக்குக் கவரிங் போதும்.

விளக்கு வைக்கிற நேரத்து ‘வீட்டுக்குப் போகலாம்’ பல வீடுகளில் நடப்பது. வெளிச்சம் குறைகிறபோது நிழல்கள் குழப்பும், பகல் முழுதும் சமாளித்த களைப்பும் சேரும். 5 மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். அதற்கு முன் தண்ணீர், ஒரு சின்னத் தீனி, பாத்ரூம் மூன்றும் முடிந்திருக்கட்டும். பசியும் மூத்திர முட்டும்கூட ‘வீட்டுக்குப் போகணும்’ என்ற வார்த்தையில்தான் வெளிவரும். “இதுதாம்மா வீடு” என்பது உண்மை, ஆனால் பயன்படாத உண்மை. “வீட்ல யாரும்மா இருப்பா?” என்று கேட்டுக்கொண்டே வாசல் வரை கூட நடந்து திரும்புங்கள்.

டாக்டரிடம் போகிற அளவுக்கு ஒன்றும் இல்லை என்று நினைப்பது இரண்டாவது தவறு. கடிதத்தை வைத்து நான் நோயின் பெயர் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. உங்கள் வீடு மட்டும் இல்லை. ஆனால் அதற்கு முன் சரிசெய்யக்கூடிய காரணங்களைக் கழித்துப் பார்க்க வேண்டும். நீங்களே இரண்டை எழுதியிருக்கிறீர்கள். பல வருடம் மெட்ஃபார்மின் எடுக்கிறவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும், சைவம் என்றால் இன்னும் அதிக வாய்ப்பு. பி12 குறைந்தால் நினைவு தடுமாறும். அடுத்தது அந்தச் சளி மாத்திரை. குளோர்ஃபெனிரமின் மாதிரியான மருந்து அதில் இருந்தால், இளையவர்களுக்கு வெறும் தூக்கம், 81 வயதில் அது குழப்பத்தைக் கூட்டும், மலச்சிக்கலும் தரும். எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு நரம்பியல் அல்லது முதியோர் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பி12, தைராய்டு, ரத்தத்தில் சோடியம், சர்க்கரை, சிறுநீர், மனச்சோர்வு, தேவைப்பட்டால் மூளை ஸ்கேன் எல்லாவற்றையும் அவர் பார்ப்பார். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். காதில் விழாததை மறந்ததாக நாம் நினைத்துக்கொள்வோம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மறதி மாதக்கணக்கில் கூடுவது வேறு, இரண்டு மூன்று நாளில் திடீரென்று ஆளே மாறிவிடுவது வேறு. இரண்டாவது நடந்தால் சிறுநீர்த் தொற்று போன்ற ஏதோ ஒன்று இருக்கலாம், அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும்.

தம்பிக்கு ஒரு பத்தி. அம்மா அவனிடம் பிசகில்லாமல் பேசுவது வஞ்சகமும் இல்லை, மகன் பாசமும் இல்லை. விருந்தாளி முன்னால் பதினைந்து நிமிஷம் தன்னைத் திரட்டிக்கொள்ள இந்த நிலையில் பலரால் முடியும். பிறகு அந்தச் செலவுக்கான களைப்பு உங்கள் தலையில் விழும். ஞாயிறு ராத்திரி படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அழைப்பை ஞாயிறு காலை 7.30-க்கு மாற்றுங்கள், அங்கே சனி இரவு 9 அல்லது 10 மணிதான் இருக்கும். அவனுக்கு விளக்கிப் புரியவைக்க முயல வேண்டாம். அடுத்த முறை வரும்போது அம்மாவையும் அவனையும் விட்டுவிட்டு நீங்கள் நாலு நாள் மகள் வீட்டுக்குப் போய் வாருங்கள். இப்போதைக்குத் துணைப் பெண்ணின் மூன்று நாளை ஆறு நாளாக்கி, கூடுதல் சம்பளத்தை அவன் கொடுக்கட்டும். கிடைக்கிற மணி நேரங்களில் வீட்டு வேலை செய்யாதீர்கள், வெளியே போங்கள். தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் 14416-க்குப் பேசுங்கள், அது அரசின் மனநல உதவி எண். இதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

இப்போது நன்றிக்கு வருகிறேன். உங்களுக்கு நன்றி வராததற்குக் காரணம், அந்த இடத்தில் ஏற்கெனவே துக்கம் உட்கார்ந்திருக்கிறது. பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்பநல நிபுணர் 1970-களில் இதற்கு ஒரு பெயர் வைத்தார், தமிழில் தெளிவற்ற இழப்பு என்று சொல்லலாம். ஆள் எதிரே இருக்கிறார், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறார். சாவு என்றால் ஊரே துக்கம் கேட்க வரும், பதினாறாம் நாள் என்று ஒரு எல்லை உண்டு. இந்த இழப்புக்குத் துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. வருகிறவர்களும் ‘கொடுத்து வச்சவ’ என்று வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். அழ வேண்டிய இடத்தில் நன்றி எழுதச் சொன்னால் கை நிற்கத்தான் செய்யும். உங்கள் கை பொய் சொல்ல மறுத்தது, அதைக் குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நோட்டுப் பழக்கத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. 2003-ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அது உலகமெங்கும் பரவியது. அதன் ஒரு பகுதியில் வாரம் ஒரு முறைதான் எழுதச் சொன்னார்கள். பின்னால் சோன்யா லுபோமிர்ஸ்கி என்ற ஆய்வாளர் வாரம் மூன்று முறை எழுதியவர்களையும் ஒரு முறை எழுதியவர்களையும் ஒப்பிட்டபோது, ஒரு முறை எழுதியவர்களிடம்தான் பலன் தெரிந்தது. தினமும் எழுதினால் நன்றியும் வருகைப் பதிவேடு ஆகிவிடுகிறது. காபி, மழை, அம்மா. ஆஜர், ஆஜர், ஆஜர்.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். வாரம் ஒரு நாள் போதும். உங்கள் உணர்ச்சி எதையும் எழுத வேண்டாம், அம்மா சொன்னதை அம்மாவின் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதுங்கள். முதல் பக்கத்துக்கு விஷயம் தயார்: ஆற்றில் குளித்து வாங்கிய அடி, குதிருக்குப் பின்னால் இருந்த புளி. அடித்தது யார்? புளி கொட்டை எடுத்ததா, எடுக்காததா? இந்த விவரங்கள் உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம் இருக்கின்றன. கணக்கை யாரிடம் காட்டுவது என்று கேட்டீர்களே, அவருடைய கணக்கை வாங்கி வைத்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். முடிந்தால் கைபேசியில் பத்து நிமிஷம் குரலையும் பதியுங்கள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு. முகத்துக்கு எதிரே நீட்டினால் டொராண்டோ என்று நினைத்து ‘அங்க குளிரா’ என்று ஆரம்பித்துவிடுவார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதற்குள் ‘அக்கா’ என்று மறுபடி கூப்பிட்டால் கொல்லைப் பக்கம் போக வேண்டாம். கண்ணில் தண்ணீர் வந்தால் வரட்டும், கீரை உருவுகிறபோது யார் கவனிக்கப் போகிறார்கள். “என்னடி?” என்று கேளுங்கள்.